நான் உடைக்காத சுவர்

1

எங்கள் வீட்டுச் சுவரை நான் உடைத்துவிட்டதாக வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. சுவிஸுக்கு வந்து பதின்மூன்று வருஷமாகிறது, வாடகை ஒரு நாளும் பிந்தியதில்லை, மாடிப்படி கழுவும் முறை வந்தால் மற்றவர்களை விட ஒரு வாளித் தண்ணீர் கூடவே ஊற்றிக் கழுவுகிறவள் நான். அந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் கையெழுத்து வைத்து வாங்கினேன்.

என் மகள் வினோதான் வாசித்தாள். பன்னிரண்டு வயது. ஏழு வயதிலிருந்தே எங்களுக்கு வரும் கடிதங்களை அவள்தான் தமிழில் சொல்லுவாள். ஆஸ்பத்திரிக் கடிதம், வரிக் கடிதம், விசாக் கடிதம், எல்லாமே. ஒரு சொல் தெரியாவிட்டால் "இந்தச் சொல் எனக்குத் தெரியல" என்று நேராகச் சொல்லிவிடுவாளே தவிர, இட்டுக்கட்ட மாட்டாள்.

"அம்மா, அனுமதி இல்லாம நீங்க பக்கத்து வீட்டுச் சுவரத் திறந்துட்டீங்களாம். கட்டடத்துக்கே ஆபத்தாம். வந்து பார்ப்பாங்களாம். உண்மைன்னா வீட்ட விட்டுப் போகணுமாம்."

"என்னா சுவரு? எந்தச் சுவரு?"

"நீங்கதான் போன்ல சொன்னீங்களாமே."

அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். என்னமோ செய்துவிட்டுத்தான் இந்த அம்மா நிற்கிறாள் என்ற பார்வை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனால் என்னை விட்டு நாலடி தள்ளி நடப்பாளே, அப்போதும் அதே பார்வைதான். அவளுடைய தோழிகளிடம் நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அது சுலபமாம். சிலோன் என்றால் சண்டையைப் பற்றிக் கேட்பார்களாம், தோட்டம் என்றால் பூந்தோட்டமா என்பார்களாம்.

என் புருஷன் செல்வம் ரெஸ்டோரண்ட் சமையலறையில் வேலை. றக்வானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அன்று பின்னேரம் கடிதத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தப் பலகைய தூக்கி வெளிய போட்டுட்டு ஒரு மன்னிப்பக் கேளு ராஜி. நமக்கு எதுக்கு வம்பு?"

"நான் என்னா தப்பு செஞ்சேன், மன்னிப்புக் கேக்க?" என்றேன்.

2

அந்தப் பலகைதான் விஷயம்.

நான் வீட்டில் ஸ்பீக்கர் செய்கிறவள். பெட்டி இல்லாத ஸ்பீக்கர். ஒரு அகலமான பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, அதில் ஸ்பீக்கரைப் பூட்டி, பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் முடிந்தது. பின்பக்கம் மூடமாட்டேன். முன்னால் வருகிற அளவு சத்தம் பின்னாலும் வரும்.

இதை ஒரு புத்தகத்தைப் பார்த்து நான் தொடங்கவில்லை. இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்தது. அம்மா பால் வெட்டினாள், அப்பா ஸ்டோரில் ரப்பர் ஷீட் புகை போட்டார். நான் ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டுக் கீழே பஜாரில் பாரூக் நானாவின் ரேடியோக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனேன். அது தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்று. கடையில் சும்மா இருக்கும் நேரத்தில் ஈயம் பற்றவைக்கிற கோலை எடுத்து நானாகவே தொட்டுப் பார்க்கத் தொடங்கினேன். நானா முதலில் சத்தம் போட்டார். பிறகு ஒரு நாள் ரிப்பேருக்கு வந்த ரேடியோ மூன்றை நான் செய்து வைத்ததைப் பார்த்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

கிழிந்த பெரிய ஸ்பீக்கர் ஒன்று மூலையில் கிடந்தது. "குப்பையில போட வெச்சிருக்கேன். வேணும்னா எடுத்துட்டுப் போ மகள்" என்றார்.

கிழிந்த இடத்தில் மெல்லிய கடதாசியை வைத்து, அம்மா வாளியின் அடியில் மிஞ்சியிருந்த ரப்பர் பாலைக் கோழிச் சிறகால் பூசினேன். காய்ந்ததும் தோல் மாதிரிப் பிடித்துக்கொண்டது. பெட்டி செய்யத்தான் நினைத்தேன். ஆனால் கையில் கிடைத்தது ஒரு தேயிலைப் பெட்டியின் பிளைவுட், அதுவும் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். சரி, பெட்டியை அப்புறம் செய்யலாம் என்று பலகையில் மட்டும் பூட்டி, கார் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் லயத்து வீடுகளில் அப்போது கரண்ட் இல்லை.

பாடியது. கடையில் இருந்த பெட்டிகளெல்லாம் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரிப் பேசும். இது எதிரே நின்று பேசியது. அதோடு பெட்டி செய்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

அப்பா ஸ்டோரிலிருந்து வந்து பார்த்தார். "என்னா புள்ள, ஓட்டப் பலகைய சுவத்துல சாத்தி வெச்சிருக்க? முதுகு தெரியுது பாரு அதுக்கு."

"முதுகு தெரிஞ்சா என்னாப்பா? பாட்டு நல்லா கேக்குதுல்ல?"

"அது கேக்குது" என்றார்.

3

அப்பா தப்பு மேளம் அடிக்கிறவர். விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, கூப்பிடுகிற தப்பு அவருடையது. மாசியில் காமன் கூத்துக்கும் அவர்தான். தப்பைக் கையில் எடுத்தால் சில வீடுகளில் அவரை வாசலோடு நிறுத்துவார்கள். அவர் அதற்காகத் தப்பைக் கீழே வைத்ததில்லை. அந்த வாசலுக்குப் போகாமல் விட்டார், அவ்வளவுதான்.

ஒரு மாசியில் கூத்துக்கு என் பலகையை வைக்கலாம் என்று பொடியன்கள் கேட்டார்கள். தோட்டத்துத் தலைவர் வேண்டாம் என்றார். கீழே ரோட்டில் ஆமிக்காரர்களின் செக்பொயிண்ட் இருந்தது. தப்புச் சத்தம் அவர்களுக்குப் பழக்கம். ஸ்பீக்கரில் தமிழ் கேட்டால் மீட்டிங் நடக்கிறதோ என்று மேலே ஏறி வருவார்கள். வந்தால் அடையாள அட்டை இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம். எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அட்டை இல்லை.

அன்று பலகையைச் சுற்றி நடந்து பார்த்தேன். முன்னால் சத்தம். பின்னால் சத்தம். பக்கவாட்டில், பலகையின் விளிம்பு கண்ணுக்கு நேரே வருகிற இடத்தில், சத்தம் படக்கென்று விழுந்துவிட்டது. மறுபடி நடந்தேன். அதே இடம், அதே மாதிரி. முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் இழுக்கிற காற்றும் விளிம்பில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விளிம்பை ரோட்டுப் பக்கம் திருப்பினால் கீழே கேட்காது.

திருப்பினோம். கூத்து நடந்தது. யாரும் ஏறி வரவில்லை. பாரூக் நானாவின் ரெக்கார்டரைக் கடன் வாங்கி வந்து அப்பாவின் தப்பை நான் கெசட்டில் பிடித்தேன்.

எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அப்பா மட்டும் மறுநாள் சொன்னார்: "நல்ல வேலதான் புள்ள. ஆனா நம்ம சத்தம் நம்மளுக்கு மட்டும் கேட்டா போதுமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஊரைக் காப்பாற்றினேன், இந்த மனுஷன் இப்படிக் கேட்கிறாரே என்று. இரண்டு வருஷத்தில் கல்யாணம் முடிந்து இங்கே வந்துவிட்டோம். அப்பா செத்தபோது எங்கள் அனுமதி அட்டையோடு வெளியே போனால் திரும்ப வர முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போகவில்லை. அந்தக் கெசட் மட்டும் என்னிடம் இருக்கிறது.

4

முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை எனக்கு. விடிய முன்னம் டிராம் பிடித்துப் போனால் மத்தியானத்தோடு முடிந்துவிடும். வேலைவிட்டு வரும் வழியில் ஒரு பழைய சாமான் கடை. போன வருஷம் அங்கே இரண்டு பழைய வால்வு ரேடியோக்களைப் பார்த்தேன். உள்ளே இருந்த ஸ்பீக்கர்கள் புதுசு மாதிரி. தூக்கிக்கொண்டு வந்தேன். யாரோ எறிந்த சாப்பாட்டு மேசையின் பலகையை இரண்டாக அறுத்தேன்.

அறுத்துப் பூட்டுவது ஒரு நாள் வேலை. சரிப்படுத்துவதுதான் மாசக் கணக்காகும். முதலில் அடிச்சத்தமே இல்லை. தப்பின் கணீர் மட்டும் வந்தது, தொம் வரவில்லை. விளிம்பில் அது தின்னப்பட்டுப் போகிறது. பலகையின் இரண்டு பக்கமும் கீல் வைத்துக் கதவு மாதிரி இரண்டு சிறகு பூட்டினேன். சிறகைக் கொஞ்சம் பின்னால் மடித்தால் தொம் வருகிறது, கூட மடித்தால் பெட்டிக்குள் பேசுகிற பழைய வியாதி வருகிறது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தை அளவுகோல் காட்டாது, காதுதான் காட்ட வேண்டும். பின்சுவரிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி வைத்ததும் சத்தத்துக்கு ஆழம் வந்தது. குரல்கள் கொஞ்சம் கீச்சிட்டன. நூல் ரீலில் செப்புக் கம்பியைச் சுற்றி, ஸ்பீக்கருக்குப் போகிற வயரின் இடையில் போட்டேன், ஒரு சுற்று கூட்டிக் குறைத்து, மறுபடி கேட்டு. அப்பாவின் கெசட்டில் மெல்லிய மூங்கில் குச்சி தோலில் படுவதும் கட்டைக் குச்சி படுவதும் தனித்தனியாகக் கேட்கும்வரை நான் விடவில்லை.

கேட்ட நாளில் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா அடிக்க முன்னம் தொண்டையைக் கனைக்கிற சத்தம் அந்தக் கெசட்டில் இருப்பதை அதுவரை நான் அறிந்ததே இல்லை.

பிழை ஒன்று நடந்தது. பலகைகளின் முதுகு பக்கத்து வீட்டுக்காரர் கெல்லரின் சுவரைப் பார்த்தபடி இருந்தது. கெல்லர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முறையிட்டார். முறையிட்டது நியாயம்தான். நிர்வாகம் போன் எடுத்தது. வினோ பள்ளிக்கூடத்தில். நானே பேசினேன்.

கெல்லர் முறையிட்டது தெரிந்ததுமே, போன் வர முன்னமே, பலகைகளைத் திருப்பிவிட்டேன். இப்போது விளிம்புதான் கெல்லரின் பக்கம். அதைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி ஸ்பீக்கருக்கு ஜெர்மனில் "ஒஃபன ஷால்வாண்ட்" என்று பெயர். ஷால் என்றால் ஒலி, வாண்ட் என்றால் சுவர். திறந்த ஒலிச்சுவர். பதற்றத்தில் ஷால் என்ற பாதியை விட்டுவிட்டேன். நான் சொன்னது இதுதான்: "நான் வீட்டில் திறந்த சுவர் செய்தேன். இப்போது கெல்லருக்கு நல்லது."

எந்தச் சுவர் என்று கேட்காமலே போனை வைத்துவிட்டார்கள்.

5

வீட்டு நிர்வாகத்திலிருந்து அதிகாரி அம்மா ஒருத்தியும் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். விஷயம் பெரிது என்று நினைத்து மொழிபெயர்ப்பாளரை அனுப்பியிருக்கிறார்கள். செல்வம் வேலைக்குப் போயிருந்தார். வினோவுக்கு அன்று லீவு. தன் அறை வாசலில் காதில் ஹெட்போனோடு நின்றாள்.

அதிகாரி சுவரைத் தடவினாள். தட்டினாள். திரையை விலக்கினாள். அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு ஓட்டை எங்கே என்று கேட்டாள்.

நான் பலகைகளைக் காட்டினேன். அவள் பின்னால் போய்க் காந்தத்தையும் கம்பிகளையும் பார்த்துவிட்டு, பெட்டி எங்கே என்றாள். பெட்டி இல்லை, இதுதான் முழுதும் என்றேன். வீட்டு விதியில் "ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சுவரில் பொருத்தக்கூடாது" என்று இருக்கிறதாம். பெட்டியும் இல்லை, சுவரில் பொருத்தவும் இல்லை. அவள் கடதாசியை மடித்து வைத்தாள்.

ஓட்டை இல்லை என்று தெரிந்ததும் எல்லாம் முடிந்திருக்கலாம். முறைப்பாடு இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்தில் டையும் தோளில் பையுமாக வந்திருந்தார்.

"அக்கா, இதைப் பெரிசாக்காதேங்கோ. மன்னிப்பு எண்டு சொல்லிப்போட்டுப் பலகையைக் கழட்டி வையுங்கோ. நான் வடிவாச் சொல்லி விடுறன்."

"மன்னிப்புக் கேக்கலங்க. போட்டுக் காட்டுறேன், அந்தம்மா பக்கத்து வீட்டுல போயிக் கேக்கட்டும். அத சொல்லுங்க."

நான் கெசட்டைப் போட்டேன். தப்பு தொடங்கியது. அவர் முகம் மாறிவிட்டது.

"நீங்கள் எந்த இடம்?"

"தெஹியோவிட்ட."

"ஓ, தோட்டப் பக்கமே. இது செத்த வீட்டு மேளமெல்லோ? இதையே வீட்டுக்குள்ள போடுறியள்? வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

கெசட்டை நிறுத்தாமலே சொன்னேன்: "ஆமாங்க. செத்த வீட்டுக்கும் அடிப்போம். திருவிழாவுக்கும் அடிப்போம். வேலைக்குப் போக ஆள் எழுப்பவும் அடிப்போம். அடிக்கிறது எங்கப்பா. இத அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

அவர் அதிகாரியிடம் திரும்பிச் சுருக்கமாக என்னவோ சொன்னார். என்னுடைய ஜெர்மன் ஓட்டை ஜெர்மன்தான். ஆனால் மன்னிப்பு என்ற சொல் எனக்குத் தெரியும். இந்த நாட்டில் நான் முதலில் படித்த சொல்லே அதுதான்.

"அது சரியில்ல."

சொன்னது வினோ. ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. அதிகாரியைப் பார்த்து, இந்த ஊர்ப் பேச்சு மொழியிலேயே, மளமளவென்று பேசினாள். பேசி முடித்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னாள்:

"அவர் நீங்க மன்னிப்புக் கேக்குறதா சொன்னாரும்மா. நீங்க கேக்கல. நான் நீங்க சொன்னத சொன்னேன். மன்னிப்பு இல்ல, போயிக் கேட்டுப் பாருங்கன்னு. அடிக்கிறது எங்க தாத்தான்னு. தோட்டத்துலன்னு."

மொழிபெயர்ப்பாளர், "பிள்ளை, பெரியாக்கள் கதைக்கேக்க..." என்று தொடங்கினார்.

"அம்மா சொன்னதத்தான் நீங்க சொல்லணும். அதுதானே வேலை?" என்றாள் வினோ. அவள் ஏழு வயதிலிருந்து செய்கிற வேலை அது.

அதிகாரி கெல்லரின் வீட்டுக்குப் போனாள். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. கதவு திறக்கிற ஓசையும் கெல்லரின் குரலும் கேட்டன. திரும்பி வந்தவள் பலகையின் முன்னால் நின்றாள், பக்கவாட்டில் போனாள், மறுபடி முன்னால் வந்தாள். கூத்தன்று பலகையைச் சுற்றி நான் நடந்த மாதிரியே நடந்தாள். கெல்லரின் அறையில் அவருடைய சுவர்க்கடிகாரம்தான் கூடச் சத்தமாக இருக்கிறதாம். வினோ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். கெல்லர் வாசலில் நின்று, அது சங்கீதமே இல்லை, வெறும் சத்தம் என்றார். அதையும் அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு மகளை அணைத்துக்கொள்ளப் போனேன். அவள் விலகினாள்.

"அம்மா, எனக்கு இன்னும் அந்தச் சத்தம் பிடிக்கல. அந்தாள் பொய் சொன்னது அதவிடப் பிடிக்கல."

எனக்கு அது போதும். பிடித்தது மாதிரி நடிக்கவில்லையே.

6

சில வாரத்தில் பதில் வந்தது. ஆய்வின்போது சுவர் சேதமின்றிக் காணப்பட்டது. சத்தம் விதிக்குள் இருக்கிறது. முறைப்பாடு முடிக்கப்படுகிறது. கடைசியில் ஒரு வரி: இருந்தாலும், அயலவரின் மனநிலை கருதி, வழக்கத்துக்கு மாறான இசையைத் தவிர்க்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

"ஜெயிச்சாச்சு. இனி விடு" என்றார் செல்வம்.

விட்டிருப்பேன், அந்த வரி இல்லாவிட்டால். யாருடைய வழக்கம்? விதிக்குள் இருக்கிறது என்று அவர்களே எழுதிவிட்டு, அன்போடு வாயைப் பொத்தச் சொல்கிறார்கள். நம்ம சத்தம் நம்மளுக்கு மட்டும் கேட்டா போதுமா என்று அப்பா கேட்டதற்கு அன்று நான் கோபப்பட்டேன். செக்பொயிண்டுக்குப் பயந்து நாங்கள் விளிம்பைத் திருப்பினோம், உயிருக்காக. அதில் வெட்கமில்லை. இங்கே கெல்லருக்காகத் திருப்பினேன், அவருக்குத் தூக்கம் வேண்டும் என்பதற்காக. அதிலும் வெட்கமில்லை. ஆனால் திருப்பி வைத்த பிறகும் நிறுத்து என்றால், அது சத்தத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

நானே எழுதினேன். ஜெர்மனில். வினோவிடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்து ஒரு பின்னேரம் முழுக்க எழுதினேன்:

சுவர் நல்லாக இருக்கிறது என்று எழுதியதற்கு நன்றி. இசை எங்களுக்கு வழக்கமானது. சனிக்கிழமை காலையில் போடுவேன். சத்தம் கூடினால் கெல்லர் வந்து மணி அடிக்கட்டும். நான் கதவு திறப்பேன்.

வினோ தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அம்மா, முசிக்குக்கு முன்னால 'டாஸ்' வராது, 'டீ' வரும். இதுலயும் பிழை. இங்க வினைச்சொல் கடைசியில வரணும். குடுங்க, திருத்தித் தாறேன்."

"வாசிச்சா அவங்களுக்கு விளங்குமா?"

"விளங்கும். ஆனா சிரிப்பாங்க."

"விளங்கினா போதும். இத நான்தான் எழுதினேன்னு தெரியட்டும்."

அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டாள். பிழையோடேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் வீடு கூட்டி, சோறு அடுப்பில் ஏற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். அதிகாரி வந்த அன்று எந்த அளவில் இருந்ததோ அதே அளவு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கெல்லர் நடக்கிற ஓசை கேட்டது. எங்கள் வாசல் வரை வந்தார். நின்றார். மணி அடிக்கவில்லை. அடித்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன். கெசட்டை நிறுத்தியிருக்க மாட்டேன்.